எட்டாம் பக்கம்

கல்லீரலுக்கு எட்டுத் துண்டு. இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. சிவகாசியில் அய்யாதுரை அண்ணாச்சியின் அச்சகத்தில், பைண்டிங் செக்‌ஷனில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகப் பசை தடவி ஒட்டித் தெரிந்துகொண்டேன். நாலாவது துண்டு ஊதா, ஐந்தாவது பச்சை, ஆறாவது மஞ்சள். என் அடுப்படியில் எந்த டப்பாவில் சீனி, எதில் உப்பு என்று கேட்டால் திறந்து பார்த்துத்தான் சொல்வேன். கல்லீரலில் ஆறாவது துண்டு எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பேன். வலது பக்கம், கீழே, கொஞ்சம் பின்னால்.

அந்த ஆர்டர் டாக்டர் சுகிர்தாவுடையது. அண்ணாச்சியின் தங்கை மகள். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சையில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். பிணத்தை அறுத்துப் படிக்கிற மாணவர்களுக்குக்கூடக் கல்லீரலின் உள்கட்டமைப்பு ஒரு மாதத்தில் மறந்துபோகிறது. தாளிலேயே திறந்து மூடுகிற மாதிரி ஒரு கல்லீரல் செய்து கொடுத்தால் நினைவில் நிற்குமா என்று பார்க்க வேண்டும். பாதி மாணவர்களுக்குச் சுவர்ப்படம், பாதிப் பேருக்கு எங்கள் புத்தகம். அதோடு, கல்லீரலில் புற்றுநோய் வந்தவர்களுக்கென்று தமிழில் பதினாறு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். அதைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் சிகிச்சைக்கு ஒழுங்காக வருகிறார்களா என்பது ஆராய்ச்சியின் இரண்டாம் பாதி. 2007ஆம் வருஷம் சித்திரையில் வேலை தொடங்கியது.

மாணவர்களுக்கு முதலில் வைத்த பரீட்சையை எங்களுக்கும் வைத்துப் பார்த்தார். பைண்டிங்கில் நாங்கள் ஆறு பெண்கள். இருபது கேள்வி. நான் பதினெட்டு வாங்கினேன்.

"எங்க காலேஜ் பயலுக பதினொண்ணத் தாண்டலக்கா" என்றார் சுகிர்தா.

அண்ணாச்சி இதை ஒரு வாரம் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பளத்தைக் கூட்டுவது பற்றி மட்டும் பேச்சில்லை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பத்தாவதோடு நின்றவள், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளை முந்துவது தினமும் நடக்கிற காரியமா?

மே மாதக் கடைசியில் நோயாளிகளுக்கான புத்தகம் அச்சேறியது. நடுவில் எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் எதிரெதிராக இருக்கும். எட்டில் ஒரு கல்லீரல் படம், மஞ்சள் துண்டுக்குள் ஒரே ஒரு கட்டி. ஒன்பதில் இன்னொரு படம், கட்டி பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழைந்துவிட்டது. எட்டாம் பக்கப் படத்துக்குக் கீழே 'இந்நிலையில் கட்டியை அறுவை செய்து எடுத்துவிடலாம். பலர் குணமடைகிறார்கள்' என்று வர வேண்டும். ஒன்பதுக்குக் கீழே 'இந்நிலையில் அறுவை சிகிச்சை பயன் தராது. வலியைக் குறைத்து நோயாளியை நிம்மதியாக வைத்திருப்பதே சிகிச்சை' என்று வர வேண்டும். அச்சுக்கு முன்னால் படத்தையும் எழுத்தையும் பிலிமில் சேர்த்து ஒட்டுகிற முனியராஜ் இந்த இரண்டு வாசகத்தையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டான். நானூறு ஷீட் ஓடி முடிந்து, மடித்த முதல் பிரதியை சுகிர்தா கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. சிவப்புப் பேனாவால் இரண்டு வாசகத்தையும் வட்டமிட்டு, 'இடம் மாறிவிட்டது. திரும்ப அச்சடிக்கவும்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி அதைக் குண்டூசி குத்தி ஆர்டர் கவருக்குள் வைத்துவிட்டு, முனியராஜைத் தனியாகக் கூட்டிப்போய்த் திட்டித் தீர்த்தார். புதுசாக அச்சடித்துக் கொடுத்தோம். பழைய ஷீட்டுகள் மூலையில் கிடந்தன.

என் வீட்டுக்காரர் ஊர்க்காவலன் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிறவர். எம். புதுப்பட்டியில் எங்கள் வீடும் அவருடைய அக்கா பஞ்சம்மாள் மதினி வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. வைகாசியில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றார். மறுநாளும் பாதிச் சோறு தட்டில் மிஞ்சியது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

"எங்கன கனக்குது?" என்று கேட்டேன்.

விரல் வைத்துக் காட்டினார். வலது பக்கம், கீழே, கொஞ்சம் பின்னால். நாள் முழுக்க அதையே ஒட்டுகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் அதுவாகத்தான் தெரியும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் சுகிர்தாவிடம் சொல்லிவிட்டேன். ஜூன் பதினாலாம் தேதி மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு சுகிர்தா பிலிமைக் காட்டினார். அவர் விரல் வைப்பதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். ஆறாவது துண்டு. நாலு சென்டிமீட்டர்.

"ஒரே கட்டிதான்க்கா. நம்ம எட்டாம் பக்கம். நல்ல வேளை, சீக்கிரமா வந்துட்டீங்க. ஜூலை அஞ்சாம் தேதி பெரிய டாக்டர் பண்றேன்னு சொல்லிட்டார். எடுத்துரலாம்."

"அவுகட்ட சொல்ல வேண்டாம்மா" என்றேன். "பித்தப்பையில கல்லுன்னு சொல்லிருவோம்."

சுகிர்தாவுக்கு முகம் மாறிவிட்டது. "இப்படி யாரும் மறைக்கக் கூடாதுன்னுதான்க்கா அந்தப் புத்தகமே. நீங்கதான ஒட்டுனீங்க?"

ஒட்டுவது வேறு, வீட்டுக்குள் கொண்டுபோவது வேறு. ஊர்க்காவலனோடு வேலை பார்த்த உக்கிரபாண்டிக்கு நாலு வருஷம் முன்னால் இரைப்பையில் புற்று வந்தது. ஒரு டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மனுஷன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். கஞ்சிகூடக் குடிக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் தூக்கிக்கொண்டு போனோம். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவன நோவு கொல்லல. சொன்னவன்தான் கொன்னான்." பஞ்சம்மாள் மதினியும் அதைக் கேட்டார். அதனால்தான் நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம், அறுத்து முடித்து அவர் எழுந்து நடக்கிறவரை அந்த வார்த்தை வீட்டுக்குள் வரக் கூடாது என்று. இன்றைக்கு என்னைக் கேட்டால், பயந்தவள் நான்தான் என்பேன். அவர் பயப்படுவார் என்பது நான் பிடித்துக்கொண்ட சாக்கு.

சுகிர்தா கடைசியில் இறங்கி வந்தார். "அறுவைக்கு அவரேதான் கையெழுத்துப் போடணும். அதுக்கு முந்தி நான் சொல்லித்தான் ஆகணும். அட்மிட் ஆகிற அன்னைக்குச் சொல்றேன். அதுக்கு முன்னால அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

அவர் வெளியே வரும்போதே ஊர்க்காவலன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கேட்டார். "கல்லுதானம்மா?"

சுகிர்தா ஒரு நொடி என்னைப் பார்த்தார். "எடுக்க வேண்டியது ஒண்ணு இருக்குண்ணே. எடுத்துட்டா நல்லாயிருவீங்க."

பொய் இல்லைதான். ஆனால் அந்த ஒரு நொடியை ஊர்க்காவலன் கவனித்திருக்கிறார். எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் அச்சகத்துக் கழிவுத்தாள் ஒன்றும் குப்பைக்குப் போகாது. காலண்டர், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை, பரீட்சைத்தாள் எதுவானாலும் வெடிக்குக் குழாய் சுற்றப் போய்விடும். பஞ்சம்மாள் மதினி வீட்டில் குழாய் சுற்றுகிறவர். தாள் தீர்ந்தால் என்னிடம்தான் சொல்வார். அண்ணாச்சியிடம் கேட்டு ஒரு கட்டுக் கட்டி டவுன் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போவேன். பதினஞ்சு வருஷமாக இப்படித்தான். எனக்குத் தாள் என்றால் கனம், நீளம், பசை பிடிக்குமா பிடிக்காதா, அவ்வளவுதான். மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கிற கண் எனக்கு என்றைக்கோ போய்விட்டது.

ஜூன் இருபத்தொன்றாம் தேதி மதினிக்குத் தாள் வேண்டியிருந்தது. மூலையில் ஒரு கட்டு கிடந்தது. நல்ல வழவழப்பான தாள். நானே சணல் போட்டுக் கட்டினேன், நானே பஸ்ஸில் ஏற்றினேன், நானே மதினி வீட்டு ஷெட்டில் இறக்கி வைத்தேன்.

ஊர்க்காவலன் அப்போது ஆலைக்குப் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் அக்காவோடு உட்கார்ந்து குழாய் சுற்றுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. தாளை வாசித்துப் பார்க்காமல் கம்பியில் சுற்ற மாட்டார். எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் எங்கோ நடந்த கல்யாணத்தில் தாய்மாமன் பெயர் என்ன என்பது வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் பசை தடவுவார். "நீ நூறு சுத்துறதுக்குள்ள நான் ஆயிரம் சுத்திருவேன்லே" என்று மதினி கேலி செய்வார். பதினஞ்சு வருஷமாக நான் அதைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். ஷெட்டில் மதினி ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசைக் கிண்ணம் காய்ந்துகிடந்தது. ஊர்க்காவலன் மடியில் ஒரு ஷீட்டை விரித்து வைத்திருந்தார்.

"செல்வி, இதுல நான் எத்தனாம் பக்கம்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். மஞ்சள் துண்டு. உள்ளே ஒரு கட்டி. கீழே, இந்நிலையில் அறுவை சிகிச்சை பயன் தராது.

"என்னென்ன டெஸ்டு எடுப்பாகன்னு மூணாம் பக்கத்துல போட்டுருக்கு. எனக்கு எடுத்தது அம்புட்டும் இருக்கு. டாக்டரம்மா அமுக்கிப் பாத்த இடம் படத்துல இருக்கு. கல்லுன்னு ஒரு பக்கத்துலயும் இல்ல."

இனி மறைக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிதான், புற்றுதான், ஆனால் ஒன்றே ஒன்று, எடுத்துவிடலாம், இந்தத் தாள் தப்பு, இரண்டு வாசகம் இடம் மாறிவிட்டது, அதனால்தான் கழித்துப் போட்டார்கள். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நான் எம்புட்டுக் கழிவுத்தாளு பாத்துருக்கேன். கலர் தள்ளியிருக்கும், மை இழுத்திருக்கும், இல்லன்னா ஓரம் கிளிஞ்சிருக்கும். இது கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல என்ன தப்புன்னு கழிச்சாங்க?"

"எழுத்துலங்க. எழுத்து இடம் மாறிப்போச்சு."

"அப்பக் கல்லு?"

நான் காய்ந்த பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"கல்லுன்னு சொன்னவளும் நீதான். தாளு தப்புன்னு சொல்றவளும் நீதான்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "காச்சு மூச்சுன்னு கத்தாம நீ போய்ச் சோறாக்கு. எனக்கு இது போதும்."

மறுநாள் காலையிலேயே அச்சகத்துக்கு ஓடி, திருத்தி அச்சடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். எட்டாம் பக்கத்தைத் திறந்து, எடுத்துவிடலாம் என்ற வரியில் விரல் வைத்தேன். அவர் வாசித்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். நகத்தோரத்தில் பசை காய்ந்திருந்தது.

"இத ஒட்டுனது யாரு?" என்றார்.

"நான்தான்."

"அச்சடிச்சது ஒங்க கம்பெனி. எழுதுனது ஒங்க மொதலாளி வீட்டுப் பொண்ணு. எனக்குன்னு ஒரு புத்தகம் அடிக்க ஒங்களுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

ஒரு நாள் போதும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிவகாசியில் இருந்துகொண்டு அச்சில் வந்ததை நம்பு என்று யாரிடம் சொல்வது?

சுகிர்தா ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வீட்டுக்கே வந்தார். எங்கள் தெருவில் கார் வந்து நின்றதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். என் வீட்டுக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது, "அன்னைக்குக் கல்லான்னு கேட்டனே, அப்பவே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் டாக்டரம்மா" என்றார். சுகிர்தா காரில் ஏறி உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. என் மேலேயே எனக்கு வரவில்லை.

ஜூலை அஞ்சாம் தேதி ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகக் கிடந்தது. அவர் ஆலைக்குப் போயிருந்தார். தீபாவளி சீசன். ஆலையில் ஆள் பற்றாக்குறை. வந்தவரை வா என்று சேர்த்துக்கொண்டார்கள். "படுத்துச் சாகுறதுக்கு வேலை பாத்துக்கிட்டே இருக்கலாம். அறுத்துக் கிளிச்சுட்டு ஆறு மாசம் கிடந்து சாகணுமா?" என்றார். உக்கிரபாண்டி மாதிரி சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. சொன்னால் செத்துப்போவார் என்று எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. அவர் தெளிவாக இருந்தார். தப்பான தாளை வைத்துக்கொண்டு தெளிவாக இருந்தார். அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது.

நான் கெஞ்சாத நாள் இல்லை. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தும் பார்த்தேன். பஞ்சம்மாள் மதினி காலில் விழாத குறை. "ஏலே, உன் பொண்டாட்டி கல்லுன்னு சொன்னதுக்கு நானும்தாம்லே கூட்டு. என்னயத் திட்டு, ஆஸ்பத்திரிக்கு மட்டும் போ" என்று அழுதார். எதற்கும் அசையவில்லை. அந்த ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மீதி முந்நூற்றுச் சொச்சத்தையும் மதினி குழாயாகச் சுற்றி அனுப்பிவிட்டார். அந்தத் தீபாவளிக்கு யார் வீட்டு வாசலிலோ அவை வெடித்திருக்கும்.

ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசியும் முடிந்தது. இடையில் சுகிர்தாவின் ஆராய்ச்சி முதல் பாதி முடிந்துவிட்டது. எங்கள் புத்தகத்தில் படித்த மாணவர்கள் சுவர்ப்படத்தில் படித்தவர்களைவிட நாலு மார்க் கூடுதலாம். அண்ணாச்சிக்கு இனிப்புக் கொடுத்துவிட்டிருந்தார். எனக்கும் ஒன்று வந்தது. வாங்கி வைத்துவிட்டு, சாயங்காலம் பேப்பர் லோடு இறக்குகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அச்சகத்தைக் கழுவி விட்டோம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மெஷினை நகர்த்திப் பின்னால் கூட்டுவது, பீரோவைக் காலி பண்ணித் துடைப்பது எல்லாம். முடிந்துபோன ஆர்டர் கவர்களை நான் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கவரிலிருந்து குண்டூசி குத்திய ஷீட் ஒன்று நழுவி விழுந்தது. சிவப்பு வட்டம் இரண்டு. 'இடம் மாறிவிட்டது. திரும்ப அச்சடிக்கவும்.' சுகிர்தாவின் கையெழுத்து. 26.5.2007.

என் வீட்டுக்காரருக்கு ஸ்கேன் எடுத்தது ஜூன் பதினாலு. அதற்கு முந்தி எழுதிய தாள் இது. என் கண் முன்னாலேயேதான் சுகிர்தா எழுதினார், என் கண் முன்னாலேயேதான் அண்ணாச்சி கவரில் வைத்தார். கிட்டத்தட்ட ஐந்து மாதமாக நான் உட்காருகிற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது. முடிந்த ஆர்டரை யார் திரும்பிப் பார்க்கிறோம்? இருபது கேள்விக்குப் பதினெட்டு மார்க் வாங்கின மூளைக்கு இது உறைக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அடித்துக்கொண்டேன். அண்ணாச்சி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்ன தாயி, என்ன ஆச்சு?"

"இந்தத் தாள நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன் அண்ணாச்சி."

"கொண்டுபோ. பூச ஆனதும் போ."

"இப்பவே போறேன்."

ஊர்க்காவலன் ஆலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தெரிந்தது. வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் தாளைக் கொடுத்தேன். பேசினால் கெட்டுப்போகும் என்று தெரியும்.

அவர் சட்டைப்பையிலிருந்து தன் தாளை எடுத்து விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வட்டத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. தேதியை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பிறகு குண்டூசியை மெதுவாக உருவினார். அது துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது. எடுத்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு, ஊசியின் நீளத்துக்கு, தாளுக்குள் இறங்கியிருந்தது. அதை விரலால் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஊறியிருந்தது.

"இது ஒரு நாளுல வராது" என்றார். என்னிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டார்.

வெகுநேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார். "அப்ப நான் எட்டாம் பக்கம்தானா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "எடுத்துருக்கலாமா?"

"இப்பவும் எடுக்கலாம். வாங்க. நாளைக்கே போவோம்."

"நாளைக்குப் பூச நாளுல்ல."

"பூச கெடக்கட்டும்."

"டாக்டரம்மா இருப்பாகளா?"

அவர் கேட்ட விதத்தில் ஆசை இருந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக. அன்று ராத்திரி இரண்டு இட்லி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முழுசாக இறங்கவில்லை, ஆனாலும் கேட்டார். மதினி அடுத்த வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மஞ்சள் கண்ணைப் பார்த்தும் வந்தது. படித்தவள் மாதிரி நடந்துகொள்கிறவளுக்கு வரக் கூடாத நம்பிக்கை.

இரண்டு நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்ததும் சுகிர்தா பழைய பழக்கத்தில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பிலிம் விளக்கில் மாட்டியிருந்தது. மஞ்சள் துண்டை நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்து கறுப்பாக ஒன்று பெரிய ரத்தக்குழாய்க்குள் நீண்டு போயிருந்தது. நாங்கள் நீல மையில் அடிக்கிற அதே குழாய்.

சுகிர்தா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "பெரிய டாக்டரும் பாத்துட்டாருக்கா. இனிமே கத்தி வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. வலி வராமப் பாத்துக்கிடலாம். வயித்துல தண்ணி சேர்ந்தா எடுத்துவிடலாம். நான் கூடவே இருப்பேன்."

"எம்புட்டு நாளு?"

"மூணு மாசம். நாலுன்னா பெருசு." பிலிமை விளக்கிலிருந்து எடுத்துக்கொண்டே, "அண்ணன்ட்ட நானே சொல்லவா? இந்தத் தடவை நேராச் சொல்லிர்றேன்" என்றார்.

"வேண்டாம்மா. அந்தப் புத்தகம் ஒண்ணு குடுங்க."

மேசையில் ஒரு கட்டு இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் ஒட்டினதுதான். அட்டையின் மூலையில் பசை கொஞ்சம் பிதுங்கியிருந்தது.

வெளியே நடையில் ஊர்க்காவலன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. அறுவைக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து மாற்று வேட்டியும் சோப்பும் எடுத்துவந்திருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு இடம் விட்டார்.

அந்த ஏழெட்டு அடி நடப்பதற்குள் ஒரு பொய் தயாராக என் வாய்க்கு வந்துவிட்டது. 'கொஞ்சம் ரத்தம் ஏத்தணுமாம், ஒரு மாசம் கழிச்சு அறுப்பாகளாம்.' எவ்வளவு சுலபமாக வருகிறது. சொன்னால் அவர் இன்றைக்குத் தூங்குவார். நானும் தூங்குவேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தை நடுவில் திறந்து அவர் மடியில் வைத்தேன். இரண்டு படமும் எதிரெதிராக இருந்தன, இரண்டுக்குக் கீழேயும் சரியான வாசகம்.

"நான் எத்தனாம் பக்கம்?" என்று கேட்டார்.

வலது பக்கத்தில் விரல் வைத்தேன். "ஒன்பது" என்றேன். "ஜூலையில எட்டாம் பக்கமா இருந்தீக. இப்ப ஒன்பது."

அவர் படத்தைப் பார்த்தார். கீழே இருந்த வாசகத்தை, எதையும் விடாமல், உதடு அசைய வாசித்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். நான் காத்திருந்தேன். இதையும் நீதான் ஒட்டினாய் என்று சொல்வார், ஒங்க கம்பெனிதான் அடித்தது என்று சொல்வார், பொய் சொல்லாதே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தேன்.

அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

"சரி" என்றார்.

ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தத் தடவை நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.